குளிர்மதி சோப்புப் பிள்ளை

விருதுநகரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்தே எடுக்கிறார்கள். நான் பினாங்கில் பிறந்து, அந்த ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவள். பரோட்டாவைப் பற்றி எனக்கு யாரும் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது என்று நினைத்திருந்தேன். வந்து சேர்ந்த அன்று மாலை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் என் தட்டில் விழுந்தது அப்பளம் போல நொறுங்கியது. சால்னாவை ஊற்றிய பிறகும் ஓரங்கள் மொறுமொறுவென்றே இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நான் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"வெளியூரா இருக்கீகளே. எந்த ஊரு?"

"பினாங்கு. மலேசியா."

"அது பொளைக்கப் போன ஊரு. சொந்த ஊரு எதுன்னு கேக்கேன்."

தெரியாது என்றேன். அப்பாவின் அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பெரியவர் அதை நம்பவில்லை. சொல்ல மனமில்லாமல் மறைக்கிறேன் என்று எண்ணியிருப்பார். "சரி, சாப்பிடுங்க" என்று சொல்லி, திரும்பிக்கொண்டார்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த ஆண்டு அது. நான் வேலை பார்த்த கடை பினாங்கில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. பழைய விளம்பரப் படங்களைப் புதிய வீட்டுச் சாமான்களில் அச்சிட்டு விற்பதுதான் எங்கள் தொழில். காப்பிக் கோப்பை, தட்டு, பிஸ்கட் டப்பா, தலையணை உறை என்று எதிலும் போடுவோம். சிகரெட், பால் மாவு, தலைவலித் தைலம் என எத்தனையோ படங்கள் இருந்தாலும் சோப்பு விளம்பரங்களுக்குத்தான் கிராக்கி. அவற்றில் எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

முதலாளி திருமதி லிம், மூடப்போகிற ஒரு மளிகைக் கடையிலிருந்து பழைய தகர விளம்பரப் பலகை ஒன்றை வாங்கி வந்திருந்தார். பித்தளை அண்டாவுக்குள் ஒரு பெண் குழந்தை. மூன்று வயதுக்கு மேல் இருக்காது. தலை நிறைய நுரை. கண்ணை இடுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறது. பின்னால் முழு நிலா. குறுக்கே சரிந்த எழுத்தில் 'குளிர்மதி சோப்'. அந்தச் சோப்புக் கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. லங்காவித் தீவில் புதிதாக வரவிருந்த ஓட்டல்காரர்கள் அந்தக் குழந்தையைப் பார்த்ததும் மயங்கிவிட்டார்கள். சாப்பாட்டு அறைக்குத் தட்டும் டப்பாவும், குளியலறைகளுக்குக் கால்மிதியும் குப்பைத்தொட்டியும், எல்லாவற்றிலும் இந்தப் படமே வேண்டும் என்றார்கள்.

பலகையின் அடியில், எறும்பளவு எழுத்தில், சிவகாசி அச்சகம் ஒன்றின் பெயர் இருந்தது. விசாரித்தால் அந்த அச்சகம் இன்னும் நடக்கிறதாம். தமிழ் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். நான் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை சிவகாசிப் பேருந்தில் நிற்க இடமில்லை. ஆடி மாதம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் சேலையும் சிவப்புச் சேலையுமாக எல்லாப் பேருந்திலும் ஏறியிருந்தார்கள். எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. நடத்துனர் ஒவ்வொருவரிடமும், "இருக்கன்குடிக்கு இது போகாது, சாத்தூர் வண்டியில ஏறணும்" என்று தொண்டை வறளக் கத்தினார். ஒருவரும் இறங்கவில்லை.

ஆமத்தூரைத் தாண்டியதும் டயர் வெடித்தது. பினாங்கில் பேருந்து நின்றுவிட்டால் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே இறங்கியவுடன் கருவேல மரத்து நிழலைத் தேடி உட்கார்ந்து பையைப் பிரித்தார்கள். ஒரு பெண் செய்தித்தாளில் பொட்டலம் கட்டியிருந்த காராச்சேவை என் கையில் கொட்டினாள். சாத்தூர்ச் சேவு. மிளகாய்க் காரம் காதுவரை ஏறியது. சாலையில் பட்டாசு ஆலைப் பேருந்துகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு சன்னலிலும் பெண்களின் முகங்கள்; பலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சீசன்லா. ராவுன்னு இல்ல, பகலுன்னு இல்ல. தீவாளி வரைக்கும் இப்படித்தான்" என்றாள் சேவு தந்தவள்.

அச்சகத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாளி தனபால் அறுபதைத் தொட்டவர். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். துணியைப் பிரித்துப் பலகையை மேசைமேல் வைத்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க ஐயா அடிச்சதுமா இது! எங்ககிட்டயே ஒண்ணும் இல்ல. கடல் கடந்து போய்ட்டுத் திரும்பி வந்திருக்கு பாருங்க."

காலண்டர் சீசனும் தொடங்கியிருந்தது. அடுத்த வருடத்துக் காலண்டர்களில் சாமிகளும் நடிகைகளும் அருவிகளும் தாள் தாளாக இயந்திரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடியிலும் அண்ணாச்சி எங்கள் வேலையை எடுத்துக்கொண்டார். தகரத் தட்டும் டப்பாவும் குப்பைத்தொட்டியும் சிவகாசியிலேயே அச்சாகும். கால்மிதியைக் கரூரில் அடித்து வரவழைத்துவிடலாம். பலகையைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, துருப் புள்ளிகளைத் துடைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் மாதிரி எடுக்கும் வேலை அன்றைக்கே ஆரம்பமானது.

மதியம் அண்ணாச்சி வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டோம். கம்ப்யூட்டர் திரையில் குழந்தையின் முகம் பெரிதாக இருந்தது.

"யாரோ ஓவியர் கற்பனையில் வரைந்தது போல் இல்லை. உயிரோடு இருக்கிறது" என்றேன்.

"கற்பனையா? எங்க கட்டிங் கருப்பசாமி மகள்லா இது! தாள் வெட்டுற மிஷின்ல இருந்தாரு. ஐயாதான், 'ஏலே, ஒம் பிள்ளைய நாளைக்குக் கூட்டிட்டு வா'ன்னாரு. ஸ்டுடியோவுல வச்சுப் போட்டோ பிடிச்சு, அதப் பாத்து வரைஞ்சது."

எனக்குப் பரபரப்பாகிவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது இருக்குமே, அவரைச் சந்தித்து ஒரு புகைப்படம் எடுத்தால் ஓட்டலின் ஒவ்வொரு மேசையிலும் அந்தக் கதையை ஒரு அட்டையில் எழுதி வைக்கலாமே என்று மளமளவென்று பேசினேன். அண்ணாச்சி சாதத்தில் கையை வைத்தபடி இருந்தார்.

"அது இல்லம்மா. சின்னதுலயே போயிருச்சு. கருப்பசாமியும் போய்ச் சேந்துட்டாரு. தாய் மட்டும் இருக்கு. சீனியம்மான்னு."

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாதிரிகள் தயாரானதும் அந்தத் தாயிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அது மரியாதை என்றுதான் நினைத்தேன். அட்டைக்கான கதையும் மனதின் ஓரத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ ஒன்றில் போனேன். திருத்தங்கல் தாண்டி உள்ளே திரும்பி, கரிசல் காட்டு வழியே போக வேண்டும். ஆட்டோவில் என் மடிமேல் யாருடைய குழந்தையோ உட்கார்ந்து வந்தது. இறங்கும்போதுதான் தாய் யார் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் காவல் நிலையம்வரை போய்விடும்.

சீனியம்மாளின் வீடு சாலையோரத்துக் கான்கிரீட் வீடு. ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. தரையில் உட்கார்ந்து காகிதத்தை இரும்புக் கம்பியில் சுற்றி, பசை தடவி, பட்டாசுக்கான குழாய் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் முடிந்த குழாய்கள் ஓலைப்பெட்டியில் குவிந்து கிடந்தன. அச்சகத்திலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"வாங்க தாயி. சாப்பிட்டீகளா?" என்றவர், பிறகு, "அங்கன யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். அச்சகத்திலிருந்து கடைசியாக ஆள் வந்தது கணவர் இயந்திரத்தடியில் மயங்கி விழுந்தபோதுதானாம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், உருளையாகச் சுருட்டி வைத்திருந்த மாதிரித் தாள்களில் முதலாவதை விரித்தேன். தட்டுக்கானது.

சீனியம்மாள் கையிலிருந்த கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்தார். பசை போகவில்லை. மறுபடியும் துடைத்தார். பிறகு தாளைத் தொடாமலேயே குனிந்து பார்த்தார். அழவில்லை.

"மாரிக்கனி" என்றார் கடைசியில். அந்தப் பெயரை அப்போதுதான் கேட்கிறேன்.

பிறகு தானாகவே பேசினார். நான் கேள்வி எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எதுக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மொதலாளி கேட்டாருன்னு இவரு சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. நான் சீயக்கா போட்டுத் தலைக்கு ஊத்தி, மை வச்சு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தா, பிள்ள மேல வேற வாசன. அங்கன ஒரு தடவ குளிப்பாட்டியிருக்காங்க, சோப்பு போட்டு. ராத்திரி என் பக்கத்துல படுத்திருக்கா, எனக்கு வேற யாரு பிள்ளையோன்னு இருந்துச்சு. கழுத்துக்கிட்ட மோந்து மோந்து பாத்தேன்."

அடுத்த பங்குனியில் குழந்தைக்கு அம்மை வந்தது. இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டார்கள். வேப்பிலை கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதையெல்லாம் சீனியம்மாள் இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொன்னார்.

"அவ போன பெறகுதான் சோப்பு நல்லா ஓட ஆரம்பிச்சுச்சு. எந்தக் கடைக்குப் போனாலும் சிரிச்சிட்டு இருக்கா. எண்ணெ வாங்கப் போக முடியாது, உப்பு வாங்கப் போக முடியாது. சனங்க சோப்ப எடுத்துக்கிட்டு, அவ படம் போட்ட சுத்துத் தாள வீசிருவாங்கல்லா? ஊரணிக் கரையில கெடக்கும். சாக்கடையில கெடக்கும். வண்டிச் சக்கரத்துல ஒட்டிட்டுப் போகும். நான் பொறுக்குவேன். ஒண்ணு விடாம பொறுக்குவேன். பைத்தியம்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

"அதையெல்லாம் என்ன செய்வீர்கள்?"

"தீயில போட மனசு வரல. மடி நெறஞ்சதும் கண்மாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணியில விட்டுருவேன். கொஞ்ச நேரம் மெதந்துட்டுப் போவா."

சில ஆண்டுகளில் கம்பெனி மூடிவிட்டது. கடைகளிலிருந்து குளிர்மதி காணாமல் போனது. சாக்கடை ஓரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தும் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படம் ஓவியரோடு போய்விட்டது. வீட்டில் குழந்தையின் படம் என்று வேறெதுவும் இருந்ததில்லை.

"ஒரு தாளையாவது எடுத்து வைத்திருக்கலாமே அம்மா" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கடையில கெடைக்கும்னு இருந்துட்டேன் தாயி" என்றார்.

வெளியே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மின்னல் வெட்டினால் பட்டாசு ஆலைகளில் வேலையை நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சீனியம்மாளின் மருமகள் செல்வி, மாரிக்கனிக்கு அடுத்துப் பிறந்த மகனின் மனைவி, ஆலைப் பேருந்தில் வந்து இறங்கினாள். முழங்கைவரை வெள்ளி பூசியது போல் இருந்தன அவள் கைகள். பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள். வாசல் தொட்டியில் சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். நகக்கண்ணும் ரேகைகளும் அப்படியே பளபளத்தன.

"எந்தச் சோப்புக்கும் போகாதுக்கா. ஞாயித்துக்கிழமை பாதி போகும். திங்கக்கிழமை திரும்ப வந்துரும்" என்று சிரித்தவள், தரையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். "இதாத்தை நாத்தனாரு?"

சீனியம்மாள் தலையசைத்தார். செல்வி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். படத்தில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அப்படியே எங்க வீட்டுக்காரரு மூக்கு" என்றாள்.

எதில் எதில் இந்தப் படம் வரும் என்று சீனியம்மாள் கேட்டார். தட்டைக் காட்டினேன்.

"சோறு வைப்பாகளா?"

"பலகாரம், காப்பி எல்லாம் வைப்பார்கள்."

"வைக்கட்டும். நல்லாச் சாப்பிடுவா."

டப்பாவைக் காட்டினேன். முறுக்கு போட்டு வைக்கலாம் என்று செல்வி சொன்னாள். மாமியாருக்கு அது பிடித்திருந்தது. மற்ற இரண்டையும் எடுக்க வேண்டாம் என்று நான் உருளையை ஓரமாக நகர்த்தினேன். ஆனால் சீனியம்மாளே அதை வாங்கி, மடியில் வைத்து, அடுத்த தாளை விரித்துவிட்டார். மற்றவற்றைவிடப் பெரியது. நீள்சதுரம். சுற்றிலும் நீலக் கரை, நடுவில் மாரிக்கனி. அவர் முகம் மலர்ந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இது போர்வையா? சின்னப் பிள்ளைகளுக்கா?"

பொய் சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் லங்காவிக்கு வந்து பார்க்கப் போவதில்லை.

"கால்மிதி அம்மா" என்றேன். "குளித்துவிட்டு வந்து காலைத் துடைப்பது."

செல்வி என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். சீனியம்மாள் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையின் முகத்தை மூடினார். அதட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

"அப்ப இங்கன தெருவுல கெடந்தா. நான் பொறுக்கினேன். ஒங்க ஊர்ல யாரு தாயி பொறுக்குவா?"

அடுத்த தாள் குப்பைத்தொட்டிக்கானது. அதை நான் விரிக்கவில்லை. அது என்ன என்று மட்டும் சொன்னேன். இப்போது மறைக்க எதுவும் மிச்சமில்லை.

மழை வரவில்லை. இடி மட்டும் உருட்டிவிட்டு அடங்கியது. செல்வி கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தாள். குடித்தோம். கிளம்பும்போது சீனியம்மாள் எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி, கால்மிதித் தாளை எல்லாவற்றுக்கும் உள்ளே வைத்து, என் கையில் கொடுத்தார்.

விருதுநகர் திரும்பியதும் திருமதி லிம்மை அழைத்து, அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் உரையாடல் மலாயும் ஆங்கிலமும் கலந்தது, தமிழில் தருகிறேன்.

"அந்தப் படத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. கம்பெனியே இல்லை" என்றார்.

"அந்த அம்மா உரிமை எதுவும் கேட்கவில்லை. அந்தக் குழந்தையை மிதிப்பதையும், அதன் மேல் குப்பை போடுவதையும் அவரால் தாங்க முடியாது. கால்மிதிக்கும் தொட்டிக்கும் நிலாவும் எழுத்தும் போதும் என்று ஓட்டலில் கேட்டுப் பாருங்கள்."

"நீ அந்த வீட்டுக்கு ஏன் போனாய்?"

அவர் கெட்டவர் அல்ல. என் கணவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் என்னைக் கடையைவிட்டு அனுப்பாமல் வைத்திருந்தவர். இப்போதும், "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.

மறுநாள் அச்சகத்தில் இருந்தபோது அழைத்தார். கால்மிதிக்கு நிலாவும் எழுத்தும் போதும் என்று ஓட்டல்காரர்கள் சலிப்போடு ஒப்புக்கொண்டார்களாம். குப்பைத்தொட்டியில் குழந்தை இருந்தே ஆக வேண்டுமாம். சுவரில் தொட்டியின் நீலத்துக்கு ஏற்ற வண்ணம்கூட அடித்துவிட்டார்களாம். "பாதி கிடைத்துவிட்டது. இதோடு விடு" என்றார்.

இயந்திரத்தின் பக்கம் தகரத் தகடுகள் அடுக்கியிருந்தன. மை கலந்து தயாராக இருந்தது. அண்ணாச்சியிடம் போனேன்.

"குப்பைத்தொட்டி அடிக்க வேண்டாம் அண்ணாச்சி."

"ஒங்க முதலாளியம்மாகிட்ட கேட்டீகளா?"

"கேட்டேன். அடிக்கச் சொன்னார்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப?"

"அடிக்க வேண்டாம்."

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதே?"

தெரியாது என்றேன். அவர் தகடுகளைத் திரும்பிப் பார்த்தார். தன் அப்பா அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. இயந்திரத்துக்குப் போய், "அந்தத் தகட்ட எடுத்து உள்ள வச்சிருங்கப்பா. காலண்டர் வேலையப் பாருங்க" என்றார். திரும்பி வந்து, "சீனியக்காவ நாளைக்கு இங்கன கூட்டிட்டு வாங்க. அதுக்கு ஒரு நல்ல பிரிண்ட் போட்டுத் தரணும்" என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டல்காரர்கள் தொட்டிக்கு வேறொரு கம்பெனியின் பழைய பிஸ்கட் விளம்பரத்தைப் போட்டுக்கொண்டார்கள். அதை அவர்களுக்குச் செய்து கொடுத்தது நாங்கள் அல்ல. திருமதி லிம் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. கிடங்குக்கு மாற்றினார். வெளியூருக்கு அதன் பிறகு என்னை அனுப்பியதே இல்லை. குழந்தையின் கதையை அட்டையில் எழுதும் யோசனையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

கணவர் வாழ்நாள் முழுதும் வேலை பார்த்த அச்சகத்துக்குள் சீனியம்மாள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது, நான் வந்த ஐந்தாம் நாள்தான். வெளுத்த பச்சைச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டியிருந்தார். செல்வி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்திருந்தாள். அண்ணாச்சி வாசலுக்கே வந்து, "வாங்கக்கா" என்று அழைத்துப் போனார். தாள் வெட்டும் இயந்திரம் எது என்று சீனியம்மாள் கேட்டார். காட்டினார்கள். அதன் அருகில் ஒரு நிமிடம் நின்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் திறமைசாலி. பெயர் கவிதா. திரையில் குழந்தையைக் காட்டி, "சோப்புங்கிற எழுத்த எல்லாம் எடுத்திருவோம் பாட்டி. பாப்பா மட்டும் இருக்கட்டும்" என்றாள். சீனியம்மாளுக்கும் அதுதான் விருப்பம். எழுத்துகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடங்களை அண்டாவின் விளிம்பும் நுரையும் கொண்டு அவள் நிரப்பிக்கொண்டே வந்தாள். கடைசி எழுத்து போனதும் அங்கே ஒரு வெற்றிடம் தெரிந்தது. குழந்தையின் இடது கை எழுத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஓவியர் அதை வரையவே இல்லை.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. வலது கையத் திருப்பி இங்கன வச்சிரலாம். வித்தியாசமே தெரியாது" என்றாள் கவிதா. நொடியில் வைத்தும் காட்டினாள். அச்சு அசல் கை. குண்டு விரல்கள், நுரைத் துளி எல்லாம் இருந்தன.

சீனியம்மாள் திரைக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார்.

"இது அவ கை இல்ல."

"அவங்க கைதான் பாட்டி. அந்தக் கையத்தான்..."

"எடது கையில கட்டவிரல் சூம்பினாப்புல இருக்கும். எந்நேரமும் சப்பிட்டே இருப்பா. அந்த விரல ஒனக்குத் தெரியாதும்மா. பாக்காதத வைக்காத." பிறகு, எங்களை ஆறுதல்படுத்துவது போல, "எளுத்து இருக்கட்டும். எளுத்துக்குப் பின்னால அந்தக் கை இருக்குன்னு நான் நெனச்சுக்கிடுவேன்" என்றார்.

கவிதா எழுத்துகளைத் திருப்பி வைத்தாள். இரண்டாவது எழுத்தை வைக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையும் நிலாவும் 'குளிர்மதி சோப்' என்ற எழுத்தும் அப்படியே இருக்க, கெட்டித் தாளில் ஒரு படம் வந்தது. அண்ணாச்சி சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார். கண்ணாடி வேண்டாம் என்று சீனியம்மாள் மறுத்துவிட்டார். அட்டையில் ஒட்டி, மேலே கயிறு கோத்துக் கொடுத்தார்கள்.

திரும்பும் பேருந்தில் நானும் போனேன். உட்கார இடம் கிடைத்தது. சீனியம்மாள் படத்தைப் பக்கவாட்டில் சாய்க்காமல், மடியில் தன்னைப் பார்த்த வாக்கில் நிறுத்தி வைத்துக்கொண்டார். நெரிசலில் யாரோ இடித்தபோது, "பாத்துப்பா, பிள்ள இருக்கு" என்றார். இடித்தவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் நகர்ந்தார்.

வீட்டில் செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆணியும் சுத்தியலுமாக ஏறினாள். மாமனாரின் படம் மாலையோடு தொங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, "இங்கன அடிச்சிரவா அத்தை?" என்று கேட்டாள்.

"எறங்கு" என்றார் சீனியம்மாள்.

செல்வி இறங்கினாள். சீனியம்மாள் குழாய் சுற்றும் இடத்துக்கு எதிர்ச் சுவருக்குப் போய், தன் இடுப்புக்கும் கீழே ஓரிடத்தில் உள்ளங்கையைக் கிடையாக வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தாழ்த்தினார். சற்று யோசித்து, விரலகலம் உயர்த்தினார்.

"இங்கன அடி."

"இம்புட்டு கீளயா? சாமி படம் மாதிரி மேல மாட்டுனாத்தான் நல்லா இருக்கும் அத்தை."

"அண்ணாந்து பாக்க அவ என்ன சாமியா? பிள்ளைலா. இம்புட்டு ஒசரந்தான் இருந்தா."

செல்வி தரையில் மண்டியிட்டு ஆணியை அடித்தாள். படத்தை மாட்டியதும் சீனியம்மாள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு முகங்களும் நேருக்கு நேராக இருந்தன. காகிதத்தையும் கம்பியையும் எடுத்து, அடுத்த குழாயைச் சுற்ற ஆரம்பித்தார்.